ரெண்டு பேருக்காக அறுபது மெஷினிலுமா?

கேள்வி:

வணக்கம் சார். அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் லேப் இன்சார்ஜாக இருக்கிறேன். என் பொறுப்பில் அறுபது விண்டோஸ் மெஷின்கள், எலெக்ட்ரானிக்ஸ் துறைக்கு இருபது உபுண்டு லினக்ஸ் மெஷின்கள். இந்த வருடம் பி.ஏ. வரலாற்றில் பார்வையற்ற மாணவர்கள் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வேண்டும் என்று கேட்டார்கள். எல்லா மெஷினிலும் போட்டுவிடலாம் என்றேன். "ரெண்டு பேருக்காக அறுபது மெஷினிலுமா? ஓரமா ரெண்டு மெஷின்ல போட்டுக் குடுங்க" என்கிறார் முதல்வர். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. மெஷின்கள் பழையவை, இன்னும் மெதுவாகிவிடுமோ? பசங்க தெரியாமல் எதையாவது அழுத்தி லேப் முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டால்? விண்டோஸிலேயே நரேட்டர் என்ற ஸ்கிரீன் ரீடர் இருக்கிறதே, அது போதாதா?

இன்னொன்றும் உண்டு. போன வருடம் உபுண்டு மெஷின்களில் அர்டுயினோ என்ற சின்ன சர்க்யூட் போர்டைச் செருகினால் அதன் இணைப்பு (போர்ட்) தெரிந்த மறு நொடியே காணாமல் போனது. பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற மென்பொருள்தான் காரணம் என்று கண்டுபிடித்து இருபது மெஷினிலிருந்தும் நீக்கினேன், சரியாகிவிட்டது. அதுவும் பார்வையற்றவர்களுக்காக யாரும் கேட்காமலே உபுண்டுவோடு சேர்ந்து வருவதாம். இப்படிக் கேட்காமலே போட்டு வைப்பது சரிதானா?

பதில்:

வணக்கம். உங்கள் கடிதத்தை என் ஸ்கிரீன் ரீடர் எனக்குப் படித்துக் காட்டியது. பிறவியிலிருந்தே எனக்குப் பார்வை கிடையாது. மென்பொருள்களையும் இணையதளங்களையும் பார்வையற்றவர்கள் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது என் தொழில். அதனால் இரண்டு பக்கமும் சமமாகப் பேசுகிறேன் என்று பாவனை செய்ய மாட்டேன். அறுபதிலும் போடுங்கள். அடுத்த வருடம் பார்வையற்ற மாணவர் ஒருவர்கூடச் சேராவிட்டாலும் எடுக்காதீர்கள்.

வேறு எந்த மென்பொருளாக இருந்தாலும், மெஷினில் இல்லையென்றால் வேண்டுகிறவரே போட்டுக்கொள்ளலாம். திரையைப் பார்த்து நான்கு முறை 'நெக்ஸ்ட்' அழுத்தினால் முடிந்தது. ஸ்கிரீன் ரீடர் மட்டும் அப்படியில்லை. அது இல்லாத மெஷினில் அதைப் போட முடியாமல் உட்கார்ந்திருக்கிற ஒரே ஆள், அது தேவைப்படுகிற ஆள்தான். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது மாதிரி.

நீங்கள் போடப்போவது அநேகமாக என்.வி.டி.ஏ. ஆகத்தான் இருக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கியது அது. இலவசம், மூலநிரலும் திறந்தது. இந்தச் சாவிச் சிக்கல் அவருக்குச் சொந்த அனுபவம் என்பதால் ஒரு வேலை செய்துவைத்திருக்கிறார்கள்: நிறுவும் கோப்பைத் திறந்தாலே ஒரு சின்ன இசை வரும், அந்த நொடியிலிருந்தே பேச ஆரம்பித்துவிடும். ஆக, கோப்பு கைக்கு வந்துவிட்டால் பார்வையற்ற மாணவரே நிறுவிக்கொள்ள முடியும், மென்பொருள் தன் பங்கை முழுசாகச் செய்திருக்கிறது. ஆனால் அடுத்த அடியில் விண்டோஸ் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. அது உங்களிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டும் போர்ட்டபிள் பிரதி ஒன்று உண்டு. பல லேப்களில் பென்டிரைவுக்கே தடை. தடை இல்லாத இடத்திலும் அந்தப் பிரதி லாகின் திரையில் பேசாது, அட்மின் அனுமதி கேட்கும் திரை வந்தால் அங்கேயும் வாயடைத்துப்போகும். எப்படியோ கெஞ்சி நிறுவிக்கொண்டாலும் டீப் ஃப்ரீஸ் போட்ட மெஷின் என்றால் ரீஸ்டார்ட் செய்ததும் துடைத்துவிடும். பாதுகாப்புக்காக நீங்கள் போட்ட ஒவ்வொரு பூட்டும் நியாயமானதுதான். அதனாலேயே, பூட்டுவதற்கு முன்பு உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற பொறுப்பும் உங்களிடம் வந்துவிடுகிறது.

இது எனக்கு எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன். என் முதல் வேலையில் சேர்ந்த நாள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பயோமெட்ரிக், அடையாள அட்டை எல்லாம் காலையிலேயே முடிந்து, பதினோரு மணிக்கு என்னை ஒரு மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். கீபோர்டில் விரல் வைத்தேன். எஃப் விசையிலும் ஜே விசையிலும் இருக்கிற சின்ன மேடுகள் விரலுக்குத் தட்டுப்பட்டன. புதிய கீபோர்டு, மேடுகள் கூர்மையாக இருந்தன. ஆனால் மெஷின் பேசவில்லை. ஐ.டி. பிரிவுக்கு டிக்கெட் போட வேண்டும் என்றார்கள். டிக்கெட் போடும் பக்கம் அந்த மெஷினில்தான் இருந்தது. பக்கத்து சீட்காரர் எனக்காகப் போட்டார். இரண்டு நாள் கழித்து ஹெல்ப் டெஸ்கிலிருந்து போன் வந்தது. "ஸ்கிரீன்ல இப்ப என்ன காட்டுதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார் அந்தப் பையன். அவர் மேல் தப்பில்லை, எல்லோரிடமும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். பட்டியலில் இல்லாத மென்பொருள் என்பதால் பாதுகாப்புப் பிரிவின் ஒப்புதல் வேண்டும் என்று அது ஒரு பக்கம் சுற்றியது. பன்னிரண்டு வேலை நாட்கள். என்னோடு சேர்ந்தவர்கள் பயிற்சியில் மூன்றாவது பாடத்துக்குப் போய்விட்டார்கள். சுற்றிலும் தட்டச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியாத வேலை ஒன்றும் அங்கே நடக்கவில்லை, ஆனால் என்னால் எதையும் தொட முடியவில்லை. நான் மெதுவான ஆள் என்று அந்தப் பன்னிரண்டு நாளில் ஏற்பட்ட பெயரை அழிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

நிறுவுவதற்கு ஆன நேரம் எவ்வளவு தெரியுமா? நான்கு நிமிடம்.

உங்கள் முதல்வர் 'ஓரமாக' என்று சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் இரண்டு மெஷின் என்று ஒதுக்கினால் நடைமுறையில் என்ன ஆகும் என்று லேபை நடத்துகிற உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். செமஸ்டர் நடுவில் அதில் ஒன்றின் ஹார்ட் டிஸ்க் போகும். இன்னொன்றில் வேறு பையன் உட்கார்ந்து பாதி ரெக்கார்டு அடித்துக்கொண்டிருப்பான், அவனை எழுப்பிவிட்டு உட்கார வேண்டும். பாட்ச் முழுக்க மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் கேட்டுக் கேட்டுச் செய்துகொண்டிருக்கும்போது, இவர்கள் இருவர் மட்டும் சுவரோரம் தனியாக. நான் கல்லூரியில் கற்றுக்கொண்டதில் பாதி, பக்கத்தில் உட்கார்ந்த நண்பன் முழங்கையால் இடித்துச் சொன்னதுதான்.

அப்புறம், 'ரெண்டு பேர்' என்ற கணக்கு. அது உங்களிடம் வந்து கேட்டவர்களின் கணக்கு. கேட்காதவர்கள் இருப்பார்கள். சிறு வயதிலேயே மாலைக்கண்ணாகத் தொடங்கி, பார்வை வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே போகும் விழித்திரை நோய் ஒன்று உண்டு. கல்லூரி வயதில்தான் பலருக்கு அது படிப்பைப் பாதிக்க ஆரம்பிக்கும். அந்த மாணவர் வெளியே சொல்ல மாட்டார். கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சுக்கு வருவார், திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு படிப்பார், தலைவலி என்பார். வீட்டுக்கே சொல்லியிருக்க மாட்டார், அதிலும் பெண்ணாக இருந்தால் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்ற பயம் வேறு. அவர் லேப் இன்சார்ஜிடம் வந்து "சார், எனக்கு ஸ்கிரீன் ரீடர் வேண்டும்" என்று கேட்பாரா? கேட்பது என்பது, எனக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வகுப்புக்கே அறிவிப்பது. அதே மென்பொருள் எல்லா மெஷினிலும் ஏற்கெனவே இருந்தால், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மூன்று விசையை அழுத்திப் பார்ப்பார். யாருக்கும் தெரியாது. முன்கூட்டியே போட்டு வைப்பதில் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இதுதான்.

முதல்வரிடம் சொல்லச் சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 32ஆவது பிரிவு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. ஆயிரம் இடம் உள்ள கல்லூரியில் ஐம்பது. அந்த ஐம்பதும் பார்வையற்றவர்கள் அல்ல, எல்லா வகையும் சேர்த்துத்தான். ஆனாலும் 'ரெண்டு' என்பது இந்த வருடத்து எண்ணிக்கை மட்டும்தான். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், கண் சிமிட்டச் சொல்லும் இ-கேஒய்சி என்ற இணையவழி அடையாளச் சரிபார்ப்பு முறையால் வங்கிக் கணக்கே தொடங்க முடியாமல் போனவர்களின் வழக்கில், டிஜிட்டல் வசதிகளை அணுகுவது அரசியல் சட்டம் 21ஆவது பிரிவில் உள்ள வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்திருக்கிறது. இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். முதல்வர் நிர்வாகக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவர் கையில் ஒரு காகிதம் இருந்தால் அவருக்கே உதவி.

சரி, உங்கள் சந்தேகங்கள்.

மெஷின் மெதுவாகுமா? நிறுவி வைப்பது வேறு, ஓட விடுவது வேறு. நான் போட்டு வைக்கத்தான் சொல்கிறேன், எப்போதும் பேசிக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. ஓடாமல் சும்மா இருக்கிற ஸ்கிரீன் ரீடர் ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் இடம் பிடிக்கும், அவ்வளவுதான். சி.பி.யு.வையோ மெமரியையோ தொடாது. யாராவது தொடங்கினால் அந்த ஒரு மெஷினில், அந்த நேரத்துக்கு மட்டும் சுமை. மெஷின்கள் பழையவை என்றீர்கள், அதில் ஒன்று கவனிக்க வேண்டும்: இன்னும் விண்டோஸ் 7 அல்லது 8 ஓடுகிறது என்றால் என்.வி.டி.ஏ. 2023.3.4தான் அவற்றில் ஓடும் கடைசிப் பதிப்பு. அதற்குப் பிந்தையது ஏறாது.

தெரியாமல் அழுத்திவிட்டால்? நடக்கும். என்.வி.டி.ஏ.வைத் தொடங்கும் விசைகள் கன்ட்ரோல், ஆல்ட், என். வேர்டில் இதே மூன்று விசைக்கு வேறு வேலையும் உண்டு என்பதால் எப்போதாவது யாராவது அழுத்துவார்கள். நிறுத்த இன்சர்ட், கியூ. நரேட்டரைத் தொடங்கவும் நிறுத்தவும் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர். இந்த இரண்டு வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். முதல் வாரம் நாலு பேர் சிரிப்பார்கள், அப்புறம் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஷிஃப்டை ஐந்து முறை அழுத்தினால் வருகிற அறிவிப்புக்கு எல்லோரும் பழகிப்போகவில்லையா?

ஒன்று மறக்க வேண்டாம். அந்த மூன்று விசையும் டெஸ்க்டாப்பில் இருக்கிற என்.வி.டி.ஏ. ஷார்ட்கட்டோடு ஒட்டியவை. டெஸ்க்டாப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது அந்த ஐகானை அழித்துவிட்டால், மென்பொருள் உள்ளே இருந்தும் விசை வேலை செய்யாது. பார்வையுள்ளவருக்கு அது தேவையில்லாத ஐகான், எங்களுக்கு அதுதான் கதவு.

நரேட்டர் போதாதா? நரேட்டர் விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே கூடவே வருகிறது. முன்பு பெயருக்குத்தான் இருந்தது, இப்போது நிறையவே முன்னேறியிருக்கிறது. லாகின் திரையில் அது பேசும் என்பது பெரிய விஷயம். ஆனால் முழு நாள் வேலைக்கு அதை நம்புகிறவர்கள் மிகச் சிலர். வெப்எய்ம் என்ற அமைப்பு 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் பயனாளர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், முதன்மையாகப் பயன்படுத்துவது ஜாஸ் என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடர் என்றவர்கள் 40.5 சதவீதம், என்.வி.டி.ஏ. என்றவர்கள் 37.7 சதவீதம். எல்லா விண்டோஸிலும் இலவசமாக இருக்கிற ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடிப் போகிறார்கள் என்றால் காரணம் இருக்கும்தானே. உங்கள் மாணவர்கள் பள்ளியிலேயே எதில் பழகியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஸ்கிரீன் ரீடரை மாற்றுவது எங்களுக்குக் கை பழக்கத்தையே மாற்றுவது. எனவே லாகின் திரைக்கு நரேட்டர், உள்ளே வந்த பிறகு என்.வி.டி.ஏ. இரண்டும் இருக்கட்டும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல்வர் கேட்பார். திரையில் உள்ளதையெல்லாம் படிக்கிற மென்பொருள் பாஸ்வேர்டையும் படித்துவிடாதா என்பார். பாஸ்வேர்டுக் கட்டத்தில் அது எழுத்தைச் சொல்லாது, ஒவ்வொரு எழுத்துக்கும் 'ஸ்டார்' என்று மட்டும் சொல்லும்.

இதே வாக்குவாதம் பெரிய அளவில் நடந்து முடிந்த இடங்களும் உண்டு. ஆப்பிள் 2005இல் மேக் இயங்குதளத்தின் டைகர் பதிப்போடு வாய்ஸ்ஓவர் என்ற ஸ்கிரீன் ரீடரைச் சேர்த்தே கொடுத்தது. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ் வந்தபோது அதிலும் இருந்தது. அதற்கு முன்பு போனுக்கு ஒரு விலை, அதைப் பேச வைக்கிற மென்பொருளுக்குத் தனி விலை. கடையில் போனைக் கையில் எடுத்தால் அது ஊமை. வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து, மென்பொருளை ஏற்றினால்தான் அது நம் போன். இன்றைக்கு யாருடைய ஆண்ட்ராய்டு போனை என்னிடம் கொடுத்தாலும், அந்த வசதி அணைக்கப்படாமல் இருந்தால், ஒலியளவு பொத்தான்கள் இரண்டையும் சில நொடிகள் சேர்த்து அழுத்திப் பிடிப்பேன், அதிலுள்ள டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடர் பேசும். அந்தப் போனை வைத்திருப்பவருக்கு இத்தனை நாள் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே தெரிந்திருக்காது. அவருக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. டெபியன் லினக்ஸை நிறுவும்போது முதல் மெனு வந்ததும் எஸ், என்டர் அழுத்தினால் நிறுவல் முழுக்கப் பேசியே நடக்கிறது. வெறும் மெஷினில் இயங்குதளத்தையே நான் யார் துணையும் இல்லாமல் ஏற்றினேன். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது உங்கள் உபுண்டு. இதுதான் உங்கள் கடிதத்தில் ஆழமான கேள்வி, ஏனென்றால் இங்கே உண்மையிலேயே ஒருவருடைய வசதிக்காக வைத்தது இன்னொருவர் வேலையைக் கெடுத்திருக்கிறது.

பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்பது பிரெயில் திரைகளுக்கான மென்பொருள். பிரெயில் திரை என்றால், கீபோர்டுக்கு முன்னால் வைக்கிற ஒரு நீளமான பட்டை. அதில் சின்னச் சின்னப் புள்ளிகள் மேலெழுந்தும் கீழிறங்கியும் திரையில் உள்ள வரியைப் பிரெயில் எழுத்தாக விரலுக்குக் கொடுக்கும். 1995இலிருந்து இந்த மென்பொருள் இருக்கிறது. பார்வையோடு கேட்கும் திறனும் இல்லாதவர்களை நினைத்துப் பாருங்கள். என்.வி.டி.ஏ.வும் நரேட்டரும் எவ்வளவு பேசினாலும் அவர்களுக்குப் பயனில்லை. விரலுக்கு வருகிற அந்தப் புள்ளிகள்தான் அவர்களுக்குக் கணினியே. அதனால்தான், பட்டையைச் செருகியதும் யாரையும் கேட்காமல் வேலை செய்யும்படி அதை வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் வந்த விதம் இது. விலை மலிவான அர்டுயினோ நகல் போர்டுகளில் யு.எஸ்.பி. இணைப்புக்காக சிஎச்340 என்ற சிப் இருக்கும், அதன் அடையாள எண் 1ஏ86:7523. அதே எண்ணோடு ஒரு பிரெயில் கருவியும் சந்தையில் இருக்கிறது. உபுண்டு 22.04இல் வந்த பதிப்பில், இந்த எண்ணோடு எது செருகப்பட்டாலும் பிரெயில் கருவி என்று எடுத்துக்கொள் என ஒரு விதி இருந்தது. நீங்கள் போர்டைச் செருகியதும் அந்த மென்பொருள் பாய்ந்து பிடித்துக்கொண்டது, போர்ட் மறைந்தது. உலகம் முழுக்க எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்கள் இதில் மாட்டினார்கள். "அதை நீக்கிவிடு" என்பதே எல்லா இடத்திலும் கிடைத்த பதில். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். மறுநாள் பிராக்டிகல் வைத்துக்கொண்டு நிற்கிற ஒருவர் வேறென்ன செய்வார்?

ஆனால் தவறு எங்கே இருந்தது என்று பாருங்கள். மென்பொருள் முன்கூட்டியே இருந்ததில் தவறில்லை. பலருக்குப் பொதுவான ஒரு எண்ணை ஒருவருக்கே சொந்தம் என்று எழுதிய அந்த ஒரு வரியில்தான் தவறு. எந்தக் கருவி செருகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் யூடெவ் விதிக் கோப்புகளில், 85-பிஆர்எல்டிடிஒய் என்று தொடங்கும் கோப்பில் அந்த எண் உள்ள வரி இருக்கும். மென்பொருளை மறுபடி நிறுவி, அந்தக் கோப்பை அதே பெயரில் இடிசி அடைவுக்குள் இருக்கும் யூடெவ் விதிகளின் இடத்துக்கு நகலெடுத்து, அங்கே அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டு முடக்கிவிடுங்கள். மூலக் கோப்பைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் பழையபடி ஆகிவிடும், நகலில் திருத்தினால் நிற்கும். அர்டுயினோவும் ஓடும், மற்ற பிரெயில் கருவிகளும் ஓடும். உபுண்டுவிலேயே ஓர்கா என்ற ஸ்கிரீன் ரீடரும் இருக்கிறது. ஆல்ட், விண்டோஸ் விசை, எஸ் மூன்றையும் அழுத்தினால் பேசும். அதை யாரும் நீக்கியிருக்கவில்லையே என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே போட்டு வைப்பவருக்கு ஒரு கடமையும் உண்டு என்று இந்த விவகாரத்திலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். கேட்காமல் உள்ளே வந்த மென்பொருள், கூப்பிடும்வரை அமைதியாக இருக்க வேண்டும், தன்னுடையது என்று உறுதியாகத் தெரியாததைத் தொடக் கூடாது. அதைச் செய்யாதபோது திருத்தச் சொல்லிப் புகார் கொடுங்கள். மொத்தமாக நீக்கினால், அடுத்த வருடம் வருகிற மாணவர் பிரெயில் பட்டையைச் செருகிவிட்டு, அது ஏன் வேலை செய்யவில்லை என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்.

இனி நிறுவும் வேலை. டீப் ஃப்ரீஸ் இருந்தால் திறந்து, நிறுவி, மூட வேண்டும். அறுபது மெஷினுக்கும் ஒரே இமேஜ் (ஒரு மெஷினின் முழு நகல்) என்றால் இமேஜிலேயே சேர்த்துவிடுங்கள். கேள்வி கேட்காமல் தானே நிறுவிக்கொள்ளும் வழியும் என்.வி.டி.ஏ.வில் உண்டு. ஆண்டுக்குச் சில பதிப்புகள் வருகின்றன, ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் ஒரு முறை புதுப்பித்தால் போதும். மாணவர் மாற்றி வைக்கிற வேகமும் குரலும் ஃப்ரீஸ் செய்த மெஷினில் ஒவ்வொரு நாளும் அழிந்துவிடும் என்பதால், அந்த அமைப்புகளை ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ள அவர்களுக்கு மட்டுமாவது அனுமதி கொடுங்கள்.

தமிழ்க் குரலையும் சேர்த்தே நிறுவுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலக் குரல்கள் பலவும் தமிழ் எழுத்து வந்தால் ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். மாணவருக்குப் பக்கம் காலியாக இருக்கிறது என்றுதான் தோன்றும். என்.வி.டி.ஏ.வோடு வருகிற ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருளில் தமிழ் இருக்கிறது. இயந்திரக் குரல்தான், ஆனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் தெளிவு குறையாது. காதுக்கு இதமாக வேண்டுமென்றால் விண்டோஸின் தமிழ்க் குரலைப் பேச்சு அமைப்புகளிலிருந்து சேர்க்கலாம், அதற்கு 'வள்ளுவர்' என்று பெயர். அதையும் மாணவரிடம் விடாமல் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, உங்கள் அலுவலகத்தில் சுற்றறிக்கையும் பாடக் குறிப்பும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறார்களா என்று பாருங்கள். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல் உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். என் ஸ்கிரீன் ரீடர் அதை எழுத்தெழுத்தாக 'ஜே, கே, பி, ஓ, செமிகோலன்' என்று படிக்கும். ஒரு பக்கம் முழுக்க இப்படிக் கேட்டுப் பாருங்கள். யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அறுபது மெஷினில் நிறுவியும் இவர்கள் கையில் ஒரு பாடமும் இருக்காது. நோட்ஸை செல்போனில் படமெடுத்து பி.டி.எஃப். ஆக அனுப்பினாலும் இதே கதைதான்.

ஹெட்செட் பத்து வாங்குங்கள். பழைய லேப்களில் சத்தம் வேண்டாம் என்று ஆடியோ டிரைவரையே போடாமல் விட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். தேய்ந்த கீபோர்டுகளில் எஃப், ஜே மேடுகள் போயிருந்தால் ஒரு துளி ஃபெவிகுவிக் வைத்து உலர விடுங்கள், விரலுக்கு அது போதும்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சனிக்கிழமை அந்த இரண்டு மாணவர்களையும் கூப்பிட்டு, அவர்களே தேர்ந்தெடுக்கிற ஏதாவது ஒரு மெஷினில் உட்காரச் சொல்லுங்கள். மானிட்டரை அணைத்துவிடுங்கள், உங்களுக்காக. பவர் பொத்தானிலிருந்து தொடங்கி, லாகின் செய்து, வேர்டில் ஒரு பக்கம் தமிழில் அடித்து, சேமித்து, பிரிண்ட் எடுக்கும் வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எந்த இடத்தில் மெஷின் மௌனமாகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத் தேர்வு கணினியில் நடந்தால், தேர்வு மென்பொருளோடும் இதையே செய்யுங்கள். மாற்றுத்திறனாளித் தேர்வர்கள் ஒரு நாள் முன்பே வந்து கணினியைச் சோதித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று மத்திய அரசின் 2018 ஆகஸ்ட் வழிகாட்டுதலிலேயே சொல்லியிருந்தார்கள். தேர்வுக்காகத் திரையைப் பூட்டும் மென்பொருள்கள் சில, ஸ்கிரீன் ரீடரையும் சேர்த்துப் பூட்டிவிடும். அது தேர்வு நாள் காலையில் தெரியக் கூடாது.

உபுண்டுவில் அந்த வரியை முடக்கிய பிறகும் போர்ட் நிற்கவில்லை என்றால், போர்டைச் செருகியதும் கர்னல் லாகில் வருகிற கடைசி இருபது வரியை எனக்கு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எழுத்தாகவே நகலெடுத்து அனுப்புங்கள். அன்றே பார்த்துப் பதில் எழுதுகிறேன்.